பீலியில வெச்ச டோஃபு

ஞாயித்துக்கெழம ஒரு சூப் வெக்கணும். அவ்வளவு தான் வேல.

என் வீட்டுக்காரரோட தங்கச்சி சுகந்தி, சிங்கப்பூர்ல ஒரு சீனக் குடும்பத்துல நாலு வருஷம் வீட்டு வேல செஞ்சுட்டு நாட்டுக்கு வந்திருந்தா. கொழும்புல இறங்குன ஒடனே எனக்குப் போன்.

"அண்ணி, ஞாயித்துக்கெழம பகல் சாப்பாட்டுக்கு வாறேன். கோழி, ஆடுன்னு ஒண்ணும் வேணாம். வயிறு பழையபடி இல்ல. காளான் டோஃபு சூப் மட்டும் வெச்சாப் போதும்."

நான் "டோஃபுன்னா என்னம்மா"ன்னு கேட்டிருக்கணும். நான் சொன்னது, "அட, நம்ம வீட்டுல அடிக்கடி வெக்கிறது தானே."

இந்தப் பொய்யிக்கு ஒரு காரணம் இருக்கு மக்களே. கல்யாணம் முடிச்சு பசறைப் பக்கம் இந்தத் தேயிலத் தோட்டத்துக்கு வந்த மொத வாரம் ஒரு பருப்பு வெச்சேன். எங்க அத்தை, அதாவது மாமியார், ஒரு வாய் வெச்சுட்டு, "கடல் தண்ணிய இறக்கி வெச்சிருக்கியே புனிதா"ன்னாங்க. அஞ்சு வருஷமாச்சு. அன்னையில இருந்து வெங்காயம் உரிக்கிறது நான், தேங்கா திருவுறது நான், அடுப்புக்கு முன்னால நிக்கிறது அத்தை. விருந்தாளி வந்தா நான் தட்டு கழுவுற ஆளு.

இப்ப தான் மொத தடவையா அத்தைக்குத் தெரியாத ஒரு சாப்பாட்ட ஒருத்தி கேட்டிருக்கா. விடுவேனா?

"அத்தை, ஞாயித்துக்கெழம அடுப்பு எனக்கு"ன்னேன்.

"எடுத்துக்க"ன்னாங்க.

எனக்குத் தல கால் புரியல. கொடியில காய்ஞ்ச துணிய மறுபடியும் தண்ணியில நனைச்சுட்டேன்.

சனிக்கெழம காலைல பசறைக்குப் போனேன். காளான் சுளுவா கெடைச்சிருச்சு. டோஃபு கேட்டா கடைக்காரர் யோசிச்சுப் பாத்துட்டு, "அது பூசுறதா, முழுங்குறதா? பார்மசியில கேளுங்க"ன்னாரு. நானும் போய்க் கேட்டேன். அங்க மருந்துச் சீட்டு கேட்டாங்க.

பதுளைக்குப் போய்த் தேட நேரமில்ல. போன்ல ஒரு வீடியோ பாத்தேன். ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே, "சோயாப் பால்ல செய்யிற பன்னீர் மாதிரி தான், ரொம்ப லேசு, வீட்டுலயே செய்யலாம்"னாங்க. சரி, கேட்டதையே நாமளே செஞ்சுட்டாப் போச்சு. அரைக் கிலோ சோயாக் கொட்ட வாங்கி, வந்த ஒடனே ஊற வெச்சு, சாயங்காலம் அரைச்சு, துணியில வடிகட்டி, பால காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். பால் அழகா திரைஞ்சு வந்துச்சு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

அடுத்து, "அடியில ஓட்ட இருக்குற பெட்டியில போட்டு அமுக்குங்க"ன்னாங்க அந்தம்மா.

எங்க வீட்டுல அடியில ஓட்ட இருக்குற பெட்டி ஒரே வக தான். சோப்பு வெக்கிற சவர்க்காரப் பெட்டி. ரெண்டு சேத்து வாங்குனது, புதுசு, உறையே பிரிக்கல. அதுல போட்டு, அம்மிக் கொழவிய மேல வெச்சு அமுக்குனேன். வெள்ள வெளேர்னு ரெண்டு கட்டி வந்துச்சு.

"இப்ப குளிர்ந்த தண்ணியில வைங்க."

பிரிட்ஜ்ல இடி விழுந்ததுல இருந்து அதுக்குள்ள நாங்க சேலைய தான் மடிச்சு வெக்கிறோம். ஆனா நம்ம லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிச வீடுங்களுக்கு, ஒரு பீலி இருக்கே. மலையில இருந்து நேரா குழாயில வந்து விழுற தண்ணி. வெரல வெச்சா வெரல் விறைக்கும். அந்தத் தண்ணி தெறிக்கிற கல்லு மேல ரெண்டு பெட்டியையும் மூடி வெச்சுட்டு வந்து நிம்மதியா படுத்தேன்.

லயத்து ஆளுங்க எல்லாரும் குளிக்கிற எடத்துல சவர்க்காரப் பெட்டி. இத எழுதும்போது தான் எனக்கே ஒறைக்குது.

அதுலயும் எங்க லயத்துல ஒரு வழக்கம். பீலியில இருக்குற சவர்க்காரம் யாரு வெச்சாலும் பொதுச் சொத்து. அவசரத்துக்கு ரெண்டு தேய் தேய்ச்சுட்டு திரும்ப வெச்சிருவாங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நானே எத்தனையோ நாள் தேய்ச்சிருக்கேன்.

ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எடுக்கப் போனேன். பக்கத்து வீட்டு செல்லமுத்து அண்ணன் துண்டக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. தலையெல்லாம் வெள்ள வெள்ளயா ஒட்டியிருக்கு.

"தங்கச்சி, ஒன்னைய நல்லா ஏமாத்திட்டான். நானும் அரை மணி நேரமா தேய்க்கிறேன். நொரையே வரல."

நான் ரெண்டு பெட்டியையும் பாத்தேன். காலி.

"அண்ணே, ரெண்டு கட்டி இருந்துச்சே?"

"மொதக் கட்டி ஒடைஞ்சு ஒடைஞ்சு போச்சு. சரி, இது பழுது போலன்னு ரெண்டாவத எடுத்தேன். அதுவும் அப்படியே தான்."

"அண்ணே, அது சாப்பாடு."

அண்ணன் தலையில ஒட்டியிருந்ததுல ஒரு துண்ட எடுத்து மோந்து பாத்தாரு. அப்பறம் மெதுவா, "அப்ப ஏம்மா சவர்க்காரப் பெட்டியில வெச்ச?"ன்னாரு.

காலிப் பெட்டியக் கூட எடுக்காம திரும்புனேன்.

வீட்டுக்கு ஓடியாந்தா சுகந்தி போன்ல, "பதுளையில பஸ் ஏறிட்டேன் அண்ணி"ங்கிறா. அடுப்புல காளான் கொதிக்குது. என் வீட்டுக்காரர் ஒரு கரண்டி எடுத்துக் குடிச்சுட்டு, "வெந்நி நல்லா இருக்கு"ன்னாரு. அஞ்சு வருஷத்துல கெடைச்ச ஒரே ஒரு அடுப்பு, அதுவும் போச்சு.

அப்ப தான் மேசையில காலைல அவிச்ச இட்லி கண்ணுல பட்டுச்சு.

வெள்ளயா இருக்கு. மெதுவா இருக்கு. வெட்டுனா சதுரமா வருது. வேற என்ன வேணும்? அந்த வீடியோ அம்மாவும் கடைசியில, "உங்க வசதிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்"னு சொன்னாங்களே. அவங்க சொன்னதுல நான் ஒழுங்கா கேட்டது இது ஒண்ணு தான்.

ஆறு இட்லிய வெட்டி சட்டியில தள்ளும்போது பின்னாடி அத்தை நிக்கிறாங்க.

இட்லியப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. மிளகையும் பூண்டையும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலைய தாளிச்சு ஊத்துனாங்க. "வர்றவ என் மக. மானம் போனா ரெண்டு பேருக்கும் தான்"னு மட்டும் சொன்னாங்க. எனக்கு அவங்க கால்ல விழலாம் போல இருந்துச்சு.

சுகந்தி வந்தா. உக்காந்தா. ஒரு கரண்டி குடிச்சா. ஒண்ணும் சொல்லல. இன்னொரு கரண்டி. அப்பவும் ஒண்ணும் சொல்லல.

அந்த நேரம் பாத்து செல்லமுத்து அண்ணன் காலிப் பெட்டிய கையில புடிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு.

பீலிக் கத காதுக்கு எட்டியிருந்த அத்தை அவர் வாய அடைக்கிறதுக்காக, "வாங்க, ஒரு கோப்ப சூப் குடிங்க"ன்னாங்க.

அண்ணன் கோப்பைக்குள்ள எட்டிப் பாத்தாரு. வெள்ளத் துண்டுங்க மெதக்குது. என்னைய ஒரு பார்வ பாத்தாரு.

"நான் குளிச்சதையா?"

சுகந்தி கரண்டிய கீழ வெச்சுட்டா. இனிமே மறைக்க என்ன இருக்கு? பெட்டி, பீலி, கட்டி, இட்லி, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டேன். அவ சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு நாயெல்லாம் கொலைச்சிருச்சு.

"மொத கரண்டியிலயே தெரியும் அண்ணி. நாலு வருஷமா அந்த வீட்டுல டோஃபு வெட்டுனதே நான் தான். ஆனா இட்லியப் பாத்து எத்தன நாளாச்சு! பேசுனா நிறுத்திருவீங்களோன்னு தான் பேசாம தின்னேன். இன்னும் ரெண்டு போடுங்க."

செல்லமுத்து அண்ணனும் இட்லின்னு உறுதியானதுக்கு அப்பறம் ரெண்டு கோப்ப குடிச்சாரு.

சட்டி காலியானதும் சுகந்தி, "அம்மா, இனிமே அண்ணியே சமைக்கட்டுமே"ன்னா.

"சமைக்கட்டும். எனக்கும் முழங்கால் முடியல"ன்னாங்க அத்தை.

"அப்ப ஏன் அத்தை இந்த அஞ்சு வருஷமா குடுக்கல?"

"நீ எங்க கேட்ட? கேட்டிருந்தா அடுத்த நாளே குடுத்திருப்பேன்."

ராஜ்ஜியமே கெடைச்ச மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல சாப்பாடே எறங்கல.

திங்கக்கெழம விடியக்காலம் நாலரைக்கு அத்தை என்னைய தட்டி எழுப்பி, "என் மகன் அஞ்சரைக்கு வேலைக்குப் போகணும், ரொட்டி சுடு"ன்னு சொல்லிட்டு, போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு தூங்கிட்டாங்க.