நாற்பத்தொரு பிழைகளும் சசி அண்ணனும்

ஒரு படத்தைப் பார்த்தவர்களைவிட, பக்கத்தில் இருந்தவர் சொல்லக் கேட்டவர்களுக்குத்தான் அதன் கதை உறுதியாகத் தெரியும். பார்த்தவர்களுக்காவது அங்கங்கே சந்தேகம் வரும். கேட்டவர்களுக்கு வராது. இதை நான் இருபத்து மூன்று வயதில், நுவரெலியாவில் ஓர் அலுவலக அறையில், இரண்டு பேர் முன்னிலையில் கண்டுபிடித்தேன். அப்போது மேசைமேல் நான் தயாரித்த ஆறு பக்கப் பட்டியல் ஒன்று கிடந்தது. அதை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

முதலில் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் ஹீரோக்கள் வரும் படத் தொடர் அது. இருபது படங்கள் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே கதை. ஒரு படத்தில் உடையும் பாலத்துக்கு மூன்றாவது படத்தில் விசாரணை நடக்கும். தொடரின் பெயரைச் சொல்லப் போவதில்லை (அதன் ரசிகர்கள் பொல்லாதவர்கள்; நானும் ஒருத்தி, அதனால் தெரியும்). வீரர்களையும் எங்கள் லயத்துப் பிள்ளைகள் வைத்த பேரிலேயே சொல்கிறேன் (தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம்). கண்ணாடியால் ஆன வலது கையைக் கொண்டவர் கண்ணாடிக் கையர். பறப்பவள் காற்றுக்காரி. வில்லன் கடிகாரத் தலையன்.

வட்டவளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தில், டிவிடி பிளேயர் இருந்தது பெரியம்மா வீட்டில் மட்டும்தான். ஹட்டனுக்குப் போகிறவர்கள் டிஸ்க் வாங்கி வருவார்கள். படம் இங்கிலீஷில் பேசும். அடியில் எழுத்து ஓடாது. ஓடினாலும் அது சீன எழுத்தாக இருக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. தரையில் பதினான்கு பிள்ளைகள், வீட்டில் ஒரே நாற்காலி, அதில் பதினேழு வயது சசி அண்ணன். பெரியம்மாவின் மகன். பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் அவருக்கு இங்கிலீஷுக்கு 'சி' கிடைத்திருந்தது (என்று அவரே சொல்லியிருந்தார்). ஆகவே படம் ஓட ஓட எங்களுக்குக் கதை சொல்லும் பொறுப்பு அவருடையது.

இன்னொரு தகுதியும் அவருக்கு இருந்தது. மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது ரதி வேஷம் போடுவது சசி அண்ணன்தான். எரிந்துபோன மன்மதனுக்காக அவர் அழுதால் கணக்கப்பிள்ளைகூட மூக்கைச் சிந்துவார்.

கடிகாரத் தலையன் முதன்முதலாகத் திரையில் வந்தபோது சசி அண்ணன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இவன்தான் விண்வெளிக்குப் பெரிய கண்டாக்கு." (மலையில் நின்று கொழுந்து பறிக்க வேலை வாங்குபவரைத் தோட்டத்தில் கண்டாக்கு என்போம்.) "கையில மினுங்குற பெட்டி இருக்கே, அதுதான் தராசு. என்னத்த வச்சாலும் கொறச்சுத்தான் காட்டும். கெரகம் கெரகமா இப்படித்தான் ஏமாத்திக்கிட்டு வர்றான்."

"அந்த அக்கா யாருண்ணே?"

"கண்ணாடிக் கையரோட சம்சாரம்."

"கல்யாணத்தக் காட்டவே இல்லையே?"

"அது போன படத்துல."

ஒன்றோடொன்று தொடர்புள்ள படங்களில் இது ஒரு பெரிய வசதி. எந்தச் சந்தேகம் கேட்டாலும் 'அது போன படத்துல' அல்லது 'அது அடுத்த படத்துல'. நாங்கள் ஒன்றாவது படத்தைப் பார்க்கும்போதே அவர் 'போன படத்துல' என்றார். யாரும் கவனிக்கவில்லை.

ஆறு படங்கள் இப்படியே பார்த்தோம். ஆறாவது படத்தின் கடைசியில் கண்ணாடிக் கையர் தீயில் எரிந்து சாம்பலானார். காற்றுக்காரி வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். சசி அண்ணன் நாற்காலியை விட்டு இறங்கி, தலைமுடியை விரித்துப்போடுவதுபோலக் கையை வைத்துக்கொண்டு, ரதியின் குரலில் ஒப்பாரியை எடுத்துவிட்டார். பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். திரையில் கண்ணாடிக் கையர் சாம்பலிலிருந்து எழுந்தார். "பொண்டாட்டி அழுதா மேல உள்ளவங்களுக்கும் பொறுக்காது" என்று முடித்தார் சசி அண்ணன். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

அப்புறம் அவர் கொழும்புக்கு ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் படித்து, கணினியில் டிப்ளோமா செய்து, ஏழாவது படத்திலிருந்து எழுத்து ஓடும் பிரதிகளைப் போனில் தனியாகப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் ஒரே குழப்பம். காற்றுக்காரி தன் புருஷனைக் கண்டதும் சல்யூட் அடித்தாள். அவர் அவளை "மேடம்" என்றார். தராசைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

சாதாரண மனுஷி என்றால், முதல் ஆறு படங்களையும் திரும்ப ஒருமுறை பார்த்திருப்பாள். தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பது நேர விரயம் என்பது என் கொள்கை. இத்தனை கோடி செலவழித்துப் படம் எடுக்கிறவர்களுக்குத் தங்கள் சொந்தக் கதையே மறந்துவிட்டது என்றுதான் நான் முடிவு கட்டினேன். உடனே ஒரு பட்டியலைத் திறந்தேன். பிழை இலக்கம், எந்தப் படம், எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது செக்கன், எப்படி இருந்திருக்க வேண்டும், எப்படி இருக்கிறது, தீவிரம். இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு பிழைகள் சேர்ந்தன. ஒருவருக்கும் காட்டவில்லை. ஐம்பது ஆனதும் ரசிகர் குழுவில் போட்டு உலகத்தைத் திகைக்க வைக்கலாம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

டிப்ளோமா முடிந்து ஐந்து இடத்தில் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். ஐந்திலும் இல்லை. ஆறாவதாக நுவரெலியாவிலிருந்து அழைப்பு வந்தது. தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதைப் போனில் பதிவு செய்கிற மென்பொருள் ஒன்றைச் செய்யும் சின்ன நிறுவனம். அதில் பிழை கண்டுபிடிப்பவர் வேலை.

"இதுவும் இல்லைன்னா கொழும்புக்குத்தான் போகணும்மா" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. பயிற்சிக்காக மூன்று வாரம் கொழும்பில் இருந்து பார்த்தவள் நான். அந்த வெயிலும் அந்த அறையும் அந்தத் தனிமையும் எனக்கு ஆகவில்லை. நுவரெலியா என்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்துவிடலாம். எப்படியாவது இந்த வேலை வேண்டும்.

அழைப்பின் கடைசி வரியில், பிழை கண்டுபிடித்த அனுபவம் இருந்தால் மாதிரி ஒன்று கொண்டு வரலாம் என்று போட்டிருந்தது.

(ஆமாம். அதைத்தான் கொண்டு போனேன். அச்சடித்து, ஓரத்தில் கிளிப் போட்டு.)

துணைக்கு வந்தது சசி அண்ணன். கொழும்பை விட்டு வந்து அப்போது ஹட்டனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். நானுஓயா வரை ரயில், அங்கிருந்து பஸ். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, நான் உள்ளே போனேன்.

உள்ளே இரண்டு பேர். பிரிவுத் தலைவி சுகந்தி மிஸ். மென்பொருள் எழுதுகிற நுவன் சேர். ஹட்டனில் வளர்ந்த சிங்களவர், எங்களைப் போலவே தமிழ் பேசினார். பட்டியலைப் புரட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"நங்கி, இந்தப் படமெல்லாம் நான் மூணு மூணு தரம் பாத்திருக்கேன்!"

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. (அந்த நேரத்து என் முகத்தை நினைத்தால் இப்போதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றும்.)

அவர் சத்தமாக வாசித்தார். "பிழை நாலு. காற்றுக்காரி கழுத்தில் தாலி இல்லை. காரணம் சொல்லப்படவில்லை. தீவிரம், மிக அதிகம்." நிமிர்ந்தார். "தாலியா?"

"ஆமாங்க சேர். மொத ஆறு படத்துலயும் அவங்க கண்ணாடிக் கையரோட மனைவி."

"அவங்க அவரோட மேலதிகாரி, நங்கி. மொத படத்துல அவர வேலைய விட்டு நிப்பாட்டுறதே அவங்கதானே."

அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் ஒரு தாளை மேசையில் வீசுவாள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போவார். சம்சாரத்தோடு சண்டை, மாமியார் வீட்டுக் கடிதம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

"பிழை பதினொண்ணு. கடிகாரத் தலையனின் தராசு எங்கே?" என்று வாசித்தவர், அதற்குமேல் முடியாமல் தாளை மிஸ்ஸிடம் நீட்டினார்.

சுகந்தி மிஸ் பேனையை வைத்தார். "சண்டைப் படத்துல கொழுந்துத் தராசா?"

"விண்வெளிக் கொழுந்து, மிஸ்" என்றேன்.

உண்மையாகவே அப்படிச் சொன்னேன். சொல்லி முடித்த கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் என்னைக் கல்லுப் பிள்ளை என்பார்கள். எதற்கும் அசைய மாட்டேனாம். அந்தக் கல்லின் காதிரண்டும் சுட்டன. நுவன் சேர் நெற்றியை மேசையில் வைத்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கதையெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார் மிஸ்.

"அண்ணன், மிஸ்."

"இப்ப எங்க இருக்காரு?"

"வெளிய பெஞ்சில."

கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலை கிடைத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சசி அண்ணன் ஒரு கையில் குடையோடு, சட்டையை இழுத்துவிட்டபடி வந்தார். "வணக்கங்க மிஸ். தங்கச்சி ரொம்ப கெட்டிக்காரி."

நுவன் சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, அந்தத் தராசு எந்தப் படத்துல வருது?"

சசி அண்ணன் என்னைப் பார்த்தார். மேசையில் கிடந்த பட்டியலைப் பார்த்தார். ஒரு செக்கன்கூடத் தயங்கவில்லை.

"அது போன படத்துலங்க."

"போன படத்த நானும் பாத்தேன்."

சசி அண்ணன் மெல்லக் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"சேர், உண்மையச் சொல்லிர்றேன். எனக்கு அந்தப் பேச்சு ஒரு சொல்லு வெளங்கல. இங்கிலீஷ்ல நான் பெயிலு. சொன்னா நாக்காலிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. பதினாலு புள்ளைங்க வாயத் தொறந்து பாத்துக்கிட்டு இருக்குதுங்க, நான் என்னா செய்ய? எனக்குத் தெரிஞ்சது தோட்டமும் கூத்தும். அத வச்சு ஓட்டிட்டேன்." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இவ மேல பிழை இல்லைங்க. பிழை பூரா என்னுது. வேலைய மட்டும் குடுத்துருங்க."

பதினான்கு வருடம் நம்பியிருக்கிறேன். அதில் இரண்டு நாள் காய்ச்சல் வேறு. அவரை அந்த இடத்திலேயே குடையால் அடித்திருப்பேன். ஆனால் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ரதி வேஷத்தில்கூட அப்படி உடைந்ததில்லை.

மிஸ் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஆறு பக்கத்தையும். நான் மேசையின் மரக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒவ்வொண்ணுக்கும் நிமிஷம் செக்கன் போட்டிருக்கீங்களே. எப்படி எடுத்தீங்க?"

"நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தேன் மிஸ். ஒவ்வொண்ணும் மூணு தரம்."

நுவன் சேர் தன் போனில் ஏழாவது படத்தை எடுத்து, நான் எழுதியிருந்த நிமிடத்துக்கு நகர்த்தினார். குறித்த செக்கனில் காற்றுக்காரி சல்யூட் அடித்தாள். இன்னும் நாலைந்து இடம் பார்த்தார்கள். எல்லாம் குறித்த இடத்தில் இருந்தன. ஓரிடத்தில் நுவன் சேர் சிரிப்பை நிறுத்தினார். "மிஸ், இந்த மூணு பிழையும் நெசமாவே பிழைதான். தழும்பு கன்னம் மாறியிருக்கு. நான் இத்தன தரம் பாத்தும் கவனிக்கல."

"பரிசோதனை சரி" என்றார் மிஸ் மெதுவாக. "எதோட ஒப்பிட்டாங்களோ, அதுதான் கோளாறு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "தராசு இப்படித்தான் வேல செய்யணும்னு நாளைக்கு ஒருத்தர் வந்து உங்ககிட்டச் சொல்லுவார். என்ன செய்வீங்க?"

நான் எந்தப் புத்தகத்தையும் நினைக்கவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தவரை நினைத்தேன்.

"நீங்க பாத்தீங்களா, இல்ல யாராச்சும் சொன்னாங்களான்னு கேப்பேன், மிஸ். சொன்னாங்கன்னா, சொன்னவரப் போய்ப் பாப்பேன்."

அவர் தலையசைத்து எதையோ எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நானுஓயா ரயில் மேடையில் சசி அண்ணன் இரண்டு வடை வாங்கி வந்து ஒன்றை நீட்டினார்.

"கோவமா?"

"அப்ப கண்ணாடிக் கையர் எப்படி உசுரோட வந்தாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்த சேரக் கேட்டிருக்கணும்."

அங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. வட்டவளையில் இறங்கும்வரை நிற்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை போன் வந்தது. அதற்கடுத்த வாரம் தோட்டத்து ஆபீஸ் வழியாக நியமனக் கடிதமும் வந்தது, முழுக்க இங்கிலீஷில். எங்கள் லயத்தில் இங்கிலீஷ் கடிதம் வந்தால் சசி அண்ணன் வாசிப்பதுதான் வழக்கம். அப்பா பழக்க தோஷத்தில் அதை அவரிடமே நீட்டினார். சசி அண்ணன் அதை இரண்டு விரலால் வாங்கி, நெருப்பைத் தொட்டவர்போல என் மடியில் போட்டார்.

"நீயே படி. நான் படிச்சேன்னா நீ தோட்டத்துக்கே தொர ஆயிருவ."

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யார் என்ன செய்தி கொண்டு வந்தாலும், டாக்டர் சொன்னதோ, பஸ் நேரமோ, பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணமோ, முதல் கேள்வி ஒன்றுதான்: "பாத்ததா, சசி சொன்னதா?" அலுவலகத்தில் நுவன் சேரும் கேட்கிறார். சுகந்தி மிஸ்கூட, யாரும் இல்லாதபோது. கேள்வி தோட்டம் தோட்டமாகவும் பரவிவிட்டது.

போன மாதம் சசி அண்ணனுக்குப் பெண் பார்க்க பொகவந்தலாவைக்குப் போனோம். பெண்ணின் அம்மா தேநீர் கொடுத்துவிட்டு, "தம்பி எதுவரைக்கும் படிச்சிருக்கு?" என்று கேட்டார். பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "சாதாரண தரம் பாஸுங்க, இங்கிலீஷுக்கு 'சி'" என்று ஆரம்பித்தார். உள் அறையிலிருந்து, இதுவரை எங்களில் யாரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"பாத்ததா அத்தே, சசி சொன்னதா?"

"பெயிலுங்க" என்றார் சசி அண்ணன், ஒரு செக்கன்கூடத் தயங்காமல். தை மாதம் கல்யாணம்.