தாண்டவராயனின் நெஞ்சு அடங்கிய கதை

ஒரு காட்டில், அதுவும் காவல் வேலைக்கு உடல்தகுதி பார்க்கிற அளவுக்கு முன்னேறிவிட்ட ஒரு காட்டில், தாண்டவராயன் என்று ஒரு முயல் இருந்தது. ஆபத்து வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டிக் காட்டை உஷார்ப்படுத்துவது அதன் வேலை. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் ரத்த அழுத்தம் சரியாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவைக் கேட்டதுமே தாண்டவராயனுக்கு அழுத்தம் எகிறியது.

டாக்டர் சௌந்தரவல்லி ஒரு கொக்கு. முயலின் குட்டிக் கையில் அழுத்தம் பார்க்கிற பட்டை நிற்காததால் காதில் சுற்றிக் காற்றடித்தார்.

"எதைப் பார்த்துப் பயப்படுறீங்க?"

"இப்போ இந்தப் பட்டையைப் பார்த்துதாம்மா. நேத்து என் நிழலைப் பார்த்து. முந்தாநாள் எதுக்குன்னு மறந்துபோச்சு."

டாக்டர் விளக்கினார். இதயத்தை விரட்டுகிற நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து உத்தரவு வாங்குகின்றன. பக்கத்திலேயே, "போதும், அடங்கு" என்று சொல்கிற நரம்பணுக்களும் உண்டு. அவை சொன்னால் இதயம் நிதானிக்கும், ரத்தக் குழாய்கள் தளரும். தாண்டவராயனின் மூளையில் அந்தக் குரல் எடுபடவில்லை. கதை சொல்பவருக்குத் தெரிந்த அறிவியல் இவ்வளவுதான்.

"என் பேச்சு வீட்டுலதான் எடுபடாதுன்னு நினைச்சேன். தலைக்குள்ளயுமா?" என்றது முயல்.

டாக்டர் கொடுத்த மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் வேலை செய்தன. அடுத்த பரிசோதனையில் அழுத்தம் குளத்துத் தண்ணீர் போல நின்றது. வேலை நிரந்தரமாயிற்று.

மறுநாள் மத்தியானம் நரி வந்தது. தாண்டவராயன் அதை நன்றாகவே பார்த்தது. தட்டுவதற்குக் காலைத் தூக்கியது. "போதும், அடங்கு" என்றது மூளை. முயல் காலைக் கீழே வைத்து மூச்சை நீளமாக விட்டது. நரி காட்டுச்சேவல் கனகசபையைக் கவ்விக்கொண்டு அதன் எதிரிலேயே நடந்து போனது.

தலைமை அதிகாரியான கரடி விசாரணைக்கு வந்தது.

"அலறல் கேக்கலையாய்யா?"

"கேட்டுச்சுங்க ஐயா. பதற வேண்டாம்னு இருந்துட்டேன்."

வேலை போயிற்று என்றே தாண்டவராயன் நினைத்தது. அப்போதும் அதற்குப் படபடப்பு வரவில்லை. கரடி சந்தேகப்பட்டுப் பட்டையைச் சுற்றச் சொன்னது. அழுத்தம் துளியும் ஏறியிருக்கவில்லை.

"இப்படிப்பட்ட ஆளையா வெயில்ல நிறுத்தி வெச்சிருந்தோம்" என்று கரடி வருத்தப்பட்டு, அங்கேயே தாண்டவராயனைக் குறைதீர்ப்பு அதிகாரி ஆக்கியது.

முதலில் வந்தது கனகசபையின் மனைவி. "நீங்க ஒரு தட்டு தட்டியிருந்தா அவர் இருந்திருப்பாருய்யா" என்று அழுதது. தாண்டவராயனுக்கு வெட்கமாக இருந்தது. நெஞ்சு பழையபடி அடித்துக்கொள்ளப் பார்த்தது. மூளை உடனே அதை அடக்கிவிட்டது.

"பார்க்கலாம்மா" என்றது முயல். "அடுத்தவங்களை வரச்சொல்லுங்க."

நீதி: நெஞ்சு படபடக்கிற வரை காவல்காரன், படபடப்பு அடங்கினால் அதிகாரி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கதை சொல்பவருக்கு அழுத்தம் ஏறிவிட்டது. அதனால்தான் அவர் அதிகாரி ஆகாமல் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.