புகையில்லாப் புத்தாண்டும் மாப்பிள்ளை அனுப்பிய இயந்திரமும்

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஹரிஷங்கருக்கு மாமனார் வாஞ்சிநாதன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. அவ்விடம் நீங்களும் என் பெண் தாராவுமாவது சௌக்கியமாக இருங்கள். உங்கள் மாமியார் காமு இந்த வருஷத்து வடாம் ஒரு டப்பா தனியாக அனுப்பியிருக்கிறாள்.

நிற்க. எங்கள் குடியிருப்பின் வங்காளப் புத்தாண்டு விழாவை ஒரு தமிழனிடம் ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. நான் சும்மா இருந்திருக்கலாம். உங்கள் பேச்சைக் கேட்டு, "டீசல் ஜெனரேட்டரை ஒழித்துக்கட்டுகிறேன், இனி ஹைட்ரஜன்தான், புகைக்குப் பதில் தண்ணீர்தான் சொட்டும்" என்று கூட்டத்தில் மார்தட்டிவிட்டேன். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் உங்கள் இயந்திரமும் வந்தது, கூட வந்த கறுப்புக் கண்ணாடிப் பலகைகளை ஆள் வைத்து மொட்டைமாடியில் பொருத்தினேன், வெயிலிலிருந்து கரெண்ட் வருமாம், முதல் நாள் வந்தது, மறுநாளிலிருந்து இயந்திரம் மூச்சு விடவில்லை. என் முழங்கால் மாடி ஏற விடாது. தினமும் காமுதான் போய்ப் பார்த்துவிட்டு, "வெயில் சுள்ளுனு அடிக்கறது, மெஷின்லதான் கோளாறு" என்றாள். வேறு வழியில்லாமல் வீட்டுக் கரெண்டில் செருகினேன். கீழ்வீட்டுக் கோஷால் தா, அதாவது கோஷால் அண்ணா, ரசாயனப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எட்டிப் பார்த்து, "இந்தக் கரெண்டே நிலக்கரியை எரிச்சு வர்றதுதானே, வாஞ்சி பாபு? புகை இங்கே இல்லாம அங்கே போகுது, அவ்வளவுதானே?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இங்கே சித்திரையில் வருகிற கால்பைசாகிப் புயற்காற்று சுழற்றியடித்து, இருந்த கரெண்டும் போயிற்று. கடைசியில், ஒழிப்பதாகச் சொன்ன அதே டீசல் ஜெனரேட்டரை வரவழைத்து, அதில் உங்கள் இயந்திரத்தை ஓட்ட, அது பிரித்த ஹைட்ரஜனில் மேடையில் ஒரே ஒரு பல்பு எரிந்தது! முற்றமெல்லாம் புகை. பாட வந்த பெண்கள் இருமினார்கள். தலைக்கு மேலே "புகையில்லாப் புத்தாண்டு" என்று என் பெயர் போட்ட பேனர்.

மானம் போயிற்று, மாப்பிள்ளை. ஏரிப் பக்கம் நடக்கப் போனால், "என்ன மோஷாய், தண்ணி சொட்டிச்சா?" என்கிறார்கள். இயந்திரத்தை நாளைக்கே திருப்பி அனுப்புகிறேன். இனி ஹைட்ரஜன் என்ற பேச்சை என்னிடம் எடுக்க வேண்டாம். மற்றபடி உங்கள் இருவருக்கும் சகல சௌபாக்கியங்களும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்
வாஞ்சிநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது காமு வந்து, "வடாம் எப்படி இருக்குன்னு மாப்பிள்ளையைக் கேட்டு எழுதுங்கோ. மாடியில சாய்ச்சு வெச்சிருக்கே கறுப்புக் கண்ணாடி, அதுமேல துணி விரிச்சுத்தான் தினமும் பிழிஞ்சேன். என்னமா காய்ஞ்சது தெரியுமா!" என்கிறாள். இயந்திரத்தைத் திருப்பி அனுப்பவில்லை. கோஷால் தா வீட்டுக்கும் ஒரு டப்பா போயிருக்கிறது. எங்கே காய்ந்தது என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வது என்பதை மட்டும் உடனே எழுதவும்.