மதினி முட்டுக்கு மாப்பிள்ளை சக்கை

மாப்பிள்ளை ஒன்று கேட்டு மாமியார் இல்லை என்று சொன்ன வீடு எங்கள் பக்கம் கிடையாது. எங்கள் மாப்பிள்ளை கேட்டது இட்லிக் கொப்பரை. எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

(நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுதா. எனக்கு எழுத்து ஆகாது. ஏட்டி, சிரிக்காம எழுது.)

மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. ஒரு மாத லீவில் என் மகள் செல்வியோடு தென்காசிக்கு வந்திருந்தார். வெளியே ஓயாத சாரல். துவைத்த துணி காயவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் பின்வாசலில் அடுப்பு மூட்டி, "அத்தை, கொஞ்சம் பார்லி காய்ச்சணும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வீட்டு மாப்பிள்ளைகள் சாயங்காலமானால் எங்கே போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். நம்ம பிள்ளை உடம்புச் சூட்டுக்குப் பார்லித் தண்ணி காய்ச்சுகிறது! உடனே தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிச் சொல்லிவிட்டு வந்தேன்.

காய்ச்சியதை ஆறவைத்து, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிப் பின்னறையில் வைத்தார். அது பகலெல்லாம் புளுக், புளுக் என்றது. இட்லி மாவும்தான் பொங்குகிறது என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பச்சை உருண்டைகளைப் போட்டார். மோந்து பார்த்தேன். வேப்பம்பூவையும் எலுமிச்சைத் தோலையும் சேர்த்துக் கசக்கிய மாதிரி இருந்தது.

"இது ஹாப்ஸ் அத்தை. ஒரு மாதிரி பூ. வாசனைக்கு."

பூ என்றால் நல்லதுதானே?

வடிகட்டும் நாளும் வந்தது. எங்க வீட்டுக்காரர் வடகரையில் தென்னந்தோப்புக்குப் போயிருந்தார். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். தண்ணி இறங்கிவிட்டது. துணியில் மருதாணி அரைத்த மாதிரி பச்சைச் சக்கை குவிந்து நின்றது. மாப்பிள்ளை அதில் பாதியைப் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் கொட்டினார். அங்கணக்குழி அப்படியே அடைத்துக்கொண்டது. மீதியைக் கோழிக்கு வைத்தோம். கோழி பார்த்தது, மாப்பிள்ளையையும் ஒருமுறை பார்த்தது, போய்விட்டது.

அதற்குள் வீடு முழுக்க ஒரு வாடை. செல்வி ஓடி வந்து என் காதில் சொன்னாள்.

"யம்மா, அது பார்லித் தண்ணி இல்ல. பீரு."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மதினிதான். மதினி என்றால் எங்க வீட்டுக்காரரின் அக்கா, சுரண்டையில் இருக்கிறார். குடிக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். இந்தச் சம்பந்தம் பேசும்போதே, "வெளிநாட்டுல இருக்கவன் குடிக்காமலா இருப்பான்?" என்று குறுக்கே நின்றவர். "என் மாப்பிள்ளை தொட மாட்டாரு. தொட்டா நான் கோமதியே இல்ல" என்று சபையில் சவால் விட்டவள் நான். விஷயம் வெளியே வந்தால் செல்வி தலைநிமிர முடியாது. எனக்கோ இந்த வயசில் புதுப்பேர் தேடவேண்டும்.

மீதிச் சக்கையைத் தூக்குவாளியில் வழித்துப் போட்டுக்கொண்டு, வாசல் தென்னைமரத்து மூட்டில் புதைக்கப் புறப்பட்டேன். வாசலில் பையும் குடையுமாக மதினியே நிற்கிறார்! குற்றாலத்தில் தண்ணி விழுகிறது என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார்.

"ஏட்டி கோமதி, தூக்குல என்ன?"

"கஷாயச் சக்கை, மதினி." (எந்தச் சாமி என் நாக்கில் உட்கார்ந்ததோ.)

"எதுக்கு உள்ள சக்கை?"

"முட்டு வலிக்கு. மாப்பிள்ளை செஞ்சாரு."

மதினிக்கு முட்டு வலி என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன். மூடியைத் திறந்து மோந்தவர் முகத்தைச் சுளித்தார். பிறகு, "நாத்தம் பலமா இருக்கு. நல்ல மருந்துதான். எடு, ஐந்தருவிக்குப் போவோம். தேச்சுட்டு அருவியில நிக்கணும்" என்றார்.

பஸ்ஸில் மதினி மடியில் தூக்குவாளி. ரெண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் வாடை பரவிவிட்டது. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மதினி முன்சீட்டில் இருந்த வெள்ளை வேட்டி அண்ணாச்சியை முறைத்தார்.

"காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்து பொம்பளையள் பக்கத்துல உக்காந்திருக்கத பாரு!"

"ஆச்சி, நானா? நான் இன்னும் காப்பியே குடிக்கலயே!"

"வாய மூடும். வாய் தொறந்தா நாறுது."

பாவம், அந்த மனிதர் தன் சட்டையைத் தானே மோந்து பார்த்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். என் பிழைக்கு அவர் நடந்தே போயிருப்பார்.

ஐந்தருவியில் மதினி துணி மாற்றப் போன நேரம் பார்த்து ஒரு குரங்கு தூக்குவாளியைத் திறந்தது. ஒரு கை அள்ளி வாயில் போட்டது. அதன் மூஞ்சி போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பில் வயிறு வலிக்கும். தூவென்று துப்பிவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டு எங்களைத் திட்டியது. மதினி திரும்பி வரவும் அது துப்பவும் சரியாக இருந்தது. குரங்கே துப்பியதைப் பார்த்து மதினி விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"கசக்குது போல. அப்ப கண்டிப்பா கேக்கும்!" என்று ரெண்டு முட்டிலும் அப்பிக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள், "ஆச்சி, எனக்கும் ஒரு உருண்டை" என்று கை நீட்டினார்கள். தூக்குவாளி காலி. மதினி அருவிக்குள் நிற்க, பச்சைப் பச்சையாக வழிந்தது. கூடவே என் உயிரும்.

திரும்பும்போது பார்க்கிறேன், மதினி என் தோளைப் பிடிக்காமலே படி இறங்குகிறார். சக்கையோ, அருவியோ, யாருக்குத் தெரியும்! வீட்டுக்கு வந்ததும் நேராக மாப்பிள்ளை முன்னால் போய் நின்றார். செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாப்பிள்ளை, உங்களக் குடிகாரன்னு நெனச்சிட்டேன். நீங்க வைத்தியரால்ல இருக்கிய!"

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. இனி இந்த வைத்தியமெல்லாம் ஜெர்மனியோடு நிற்கட்டும் என்று செல்வி அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டாள்.

ஆனால் மதினி விடுவாரா? ஒவ்வொரு சாரலுக்கும் முன்னால் போன் வந்துவிடும். எல்லா வீட்டுக்கும் வெளிநாட்டில் இருந்து சாக்லேட் வருகிறது. எங்கள் வீட்டுக்குக் காயவைத்த சக்கை வருகிறது. வீட்டில் யாராவது எதையாவது முதுகுக்குப் பின்னால் மறைத்தால், "என்ன, கஷாயச் சக்கையா?" என்று சின்னது முதல் பெரியது வரை கேட்கும்.

போன சாரலுக்கு மதினி பொட்டலத்தைப் பிரித்து மோந்தார். சுற்றிலும் ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு என் பக்கமாகச் சாய்ந்தார்.

"ஏட்டி கோமதி, இந்தத் தடவை மணம் பத்தல. போன வருசம் எந்தப் பீருக்குப் போட்டாரோ, அதுக்கே போடச் சொல்லு."