மாமியின் சிறுநீரகம்

சிறுநீரில் புரதம் போகிறது என்று கிளினிக்கில் சொன்ன அன்று, மருதமுனைக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. காலிதீன் கரையில் குந்தி அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது மாமி சல்மா உம்மாவின் சிறுநீரகம். மகள் றிபாவுக்காக ஏழு மாதத்துக்கு முன் மருமகனுக்குக் கொடுத்தது.

காரணம் பல இருக்கலாம் என்றார் டொக்டர். பிரஷர் கூடியிருக்கலாம், குளிசை ஒத்துவராதிருக்கலாம், பழைய நோய் திரும்பியிருக்கலாம், புதிய சிறுநீரகத்தை உடம்பு ஏற்காதிருக்கலாம். காலிதீன் கடைசியைப் பிடித்துக்கொண்டான், அதுவும் தலைகீழாக. சிறுநீரகம்தான் தன்னை ஏற்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பின் கண்ணயர்ந்தபோது அது கனவில் வந்தது. மாமியின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அலையில் மிதந்தது. அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பியது.

எழுந்த கையோடு மாமியிடம் மன்னிப்புக் கேட்டான்.

"எதுக்கு மருமகன்?"

"நீங்க ஆக்கித் தந்த கருவாட்டுக் கறிய ஒம்பது வருசமா பூனைக்குத்தான் வெச்சன் மாமி."

சல்மா உம்மா அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த பரிசோதனையில் புரதம் கூடியிருந்தது.

மாமியைக் குளிரவைக்க மூன்று நேரமும் கருவாட்டுக் கறியே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மாமி குளிர்ந்தார். உப்பில் பிரஷர் ஏறியது, புரதமும் ஏறியது. பிரஷரை இறக்கவென்று பாண்டிருப்புவரை கடற்கரையில் ஓடித் திரும்பி, மூச்சு வாங்க வாங்கப் போய்ச் சிறுநீர் கொடுத்தான். அதில் புரதம் இன்னும் கூடியதைக் கண்ட டொக்டர் யோசித்தார். ஊசியால் புதிய சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க அனுப்பினார்.

முடிவுக்காகக் காத்திருந்த நாளில் வார்டு மின்விசிறிக் காற்று அலைபோல வந்து வந்து போனது. பக்கத்தில் மாமி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கட சாமான் என்னோட இருக்கமாட்டன் எண்டு நிக்குது மாமி" என்றான்.

சல்மா உம்மாவின் கண் நிறைந்தது. "கலியாண நாளண்டு இவர் எங்களுக்குச் சரிவரமாட்டார் எண்டு நான்தான் மனசுக்குள்ள சொன்னன். அந்தச் சொல்லுதான் கிட்னிக்குள்ளயும் போய்ட்டுது போல. நீங்கதான் எனக்கு மாப்புத் தரணும் மருமகன்."

இருவரும் மாறி மாறி மாப்புக் கேட்டுக்கொண்டிருக்கையில் தாதி அறிக்கையோடு வந்தாள்.

"உம்மாட கிட்னியில ஒரு குத்தமும் இல்ல. புரதத்த ஒழுக விடுறது உங்கட பழைய கிட்னி ரெண்டும்தான். அதுகள நாங்க கழட்டவே இல்லயே."