மணவாளன் நிதானமாகத்தான் இருந்தார்

குடிக்கிறவர்கள் உண்டு, குடிக்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், குடித்தாலும் நிதானம் தவறாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்கள் சொல்லித்தான் அது நமக்குத் தெரியும். கழுத்துப் பொத்தானைப் போட்டு, ஏலக்காய் மென்று, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக உச்சரித்து, யாரும் கேட்காமலே "நான் ஸ்டெடி" என்பார்கள்.

மணவாளன் அந்த இனம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில், பழவேற்காட்டு இறால் கூடைகளையும் அவற்றை விற்கும் பெண்களையும் கும்மிடிப்பூண்டிக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். ஒருநாள் காலை பத்து மணிக்கு, கவரைப்பேட்டையில் ஏட்டு சடையப்பன் கை காட்டினார். வேன் கொஞ்சம் ரோட்டிலும் கொஞ்சம் வயலிலுமாக வந்ததுதான் காரணம்.

"ஊதுய்யா."

ஊதினார். இறால் வாடையில் ஏட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் காலத்தில் மூக்கை விட்டால் வேறு மெஷின் ஏது? லத்தியால் மண்ணில் கோடு இழுத்தார்.

"குதிகால் விரல்ல இடிக்கணும். பத்தடி போயி, திரும்பி வா."

மணவாளன் நூல் பிடித்தாற்போல் நடந்தார். பொய்யில்லை.

"சரி, போ."

வேறு யாராயிருந்தாலும் போயிருப்பார்கள்.

"அவ்ளோதானா சார்? ஒத்தக் கால்ல நிக்கட்டா?"

"வோணாம்யா."

"இறாலு கெட்டுப்போவுது, வண்டிய எடு நைனா!" என்று வேனிலிருந்து கத்தினாள் கங்கம்மாள்.

"இரும்மா. நான் ஸ்டெடின்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

ஒரு காலைத் தூக்கினார். கண்ணை மூடினார். கையை நீட்டி மடக்கி, சுட்டுவிரலால் மூக்கைத் தொட்டார். ஏட்டுடைய மூக்கை. அப்புறம் அதையே பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

குடித்திருக்கிறார் என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்க, ஒரு கான்ஸ்டபிளோடு மணவாளனைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் ஏட்டு. இங்கே ரோட்டில் பெண்கள் வேனிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கங்கம்மாள் ஏட்டிடம் வந்தாள்.

"உசுரக் கையில புடிச்சிக்கினு உக்காந்திருந்தோம் சார்."

"முன்னாடியே சொல்றதுக்கின்னா?"

"சொன்னா எறக்கி வுட்ருவான். பழவேற்காட்டுல வேற வண்டி ஏது எங்களுக்கு?"

ஏட்டு ஒரு கூடைக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பெண்கள் ஆறு பேரும் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

மணவாளனின் லைசென்ஸ் ஆறு மாதம் போயிற்று. அதில் அவருக்கு வருத்தமில்லை. இன்னொரு காலில் நிற்க விடவில்லையே என்றுதான்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். நீங்கள் குடிப்பதே கிடையாது, குடித்தாலும் அளவோடுதான், அளவு மீறினாலும் வண்டியைத் தொடமாட்டீர்கள், தொட்டாலும் மெதுவாகத்தான் ஓட்டுவீர்கள். அட, உட்காருங்கள் சார். நடந்தெல்லாம் காட்ட வேண்டாம்.