மதிலங்கரையில் கொத்தனார்கள் குறைந்த கதை

மதிலங்கரை என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு அரசனின் தலையாய கடமை போர் புரிவதன்று, குடிமக்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது. கூரை ஒழுகினாலும் சுவரில் விரிசல் விட்டாலும் அரண்மனையில் ஒரு மனுக் கொடுத்தால் போதும், அரசாங்க ஆட்கள் வந்து சரிசெய்து தருவார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். அரசன் தொடரலாம் என்று கருதுவோர் வாய் அகன்ற பானையிலும், வேண்டாம் என்று கருதுவோர் வாய் குறுகிய பானையிலும் ஆளுக்கொரு கூழாங்கல்லைப் போட வேண்டும். கல் போட ஊருக்கு நேரில் வந்தாக வேண்டும் என்பது சட்டம்.

அந்நாட்டின் வடக்குப் பகுதிக்கு மாசிலாமணி மேஸ்திரியாக இருந்தார். அவருக்குக் கீழே அறுபது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் அங்கம்மாவைப் போல ஒருத்தி வேறு எந்தப் பகுதியிலும் இல்லை. கலவை சுமக்க வந்தவள், மதியச் சாப்பாட்டு வேளைகளில் பூச்சுக் கரண்டி பிடித்துப் பழகி, பத்தாண்டுகளில் கொத்தனார் ஆனவள். அவள் பூசிய சுவரில் வெடிப்பு விழுந்ததில்லை. ஒழுகும் மாடியில் வெறுங்காலோடு ஒரு நடை நடந்துவிட்டு, நீர் இறங்கும் இடத்தைக் கட்டைவிரலால் காட்டிவிடுவாள். "அங்கம்மா வரட்டும், அதுவரை பாத்திரம் வைத்துக்கொள்கிறோம்" என்று மூன்று மாதம் காத்திருந்த வீடுகள் உண்டு.

மாசிலாமணி ஒருநாளும் அவளைப் பாராட்டியதில்லை. பாராட்டினால் அரண்மனைக்குத் தெரிந்து, அவளை அங்கே இழுத்துக்கொள்வார்களோ என்று பயம்.

ஒரு தை மாதத்தில் தச்சர் எட்டியப்பனும் நான்கு கொத்தனார்களும் பரிசலேறி ஆற்றைக் கடந்து அக்கரை நாட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் பதினோரு பேர் போனார்கள். அக்கரையில் கொசு அதிகம், தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போனார்கள்.

மன்னர் முடிகாத்தார் கவலையுற்றார். நல்ல பணியாளரைத் தக்கவைக்கும் வழிகாண எழுவர் குழு அமைத்தார். தலைவர், அமைச்சர் செங்கோலழகர். எழுவரில் ஒருவரும் கரண்டி பிடித்ததில்லை. அது அவர்களின் நடுநிலைக்குச் சான்று என்று அரசிதழ் குறிப்பிட்டது. குழு மாசிலாமணியை அழைத்து விசாரித்தது.

"மேஸ்திரி, பணியாளர்கள் நாட்டைவிட்டு நீங்குவதன் காரணத்தைச் சுருக்கமாகக் கூறுக" என்றார் செங்கோலழகர்.

"அவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்லைங்க. வீட்டைப் பாக்காமலே அரண்மனையிலேருந்து வரைபடம் வருது. அதும்படி கட்டினா விரிசல் விடுது. விட்டா, ஏச்சு அவங்களுக்குத்தான்."

அமைச்சர் தலையசைத்து, எழுத்தரிடம் திரும்பினார். "எழுதுக. பணியாளர்கள் பாராட்டுக்கு ஏங்குகிறார்கள்."

முதல் ஆணை அப்படித்தான் பிறந்தது. பௌர்ணமிதோறும் அரண்மனைத் திடலில் பாராட்டு விழா. நல்ல பணியாளர்கள் காலையிலிருந்தே வரிசையில் நிற்க வேண்டும். மன்னர் பிற்பகலில் வந்து பட்டம் சூட்டுவார். அங்கம்மாவுக்குப் 'பூச்சுப் பேரொளி' என்ற பட்டம் கிடைத்தது. ஒத்திகைக்கு ஒரு நாள், விழாவுக்கு ஒரு நாள், அமைச்சர்கள் வீட்டுக்குப் போய் நன்றி சொல்ல ஒரு நாள். அந்த மூன்று நாளும் மழை பெய்தது. தறிக்காரர் தெருவில் அவள் பாதியில் விட்டிருந்த நான்கு கூரைகளின் கீழே பாவு நூல் முழுவதும் நனைந்து வீணானது. தறிக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். 'பேரொளியால் சீர்செய்யப்படும் பெருமை உமது கூரைக்கு உண்டு' என்று பதில் வந்தது.

அடுத்த பரிசலில் பட்டம் பெற்றவர்களில் மூவரும் பெறாதவர்களில் பலரும் போனார்கள்.

இரண்டாம் ஆணை கருவிகளைப் பற்றியது. கருவி இருப்பதால்தானே ஆற்றைக் கடக்கிறார்கள் என்று குழு கண்டறிந்தது. ஆகவே கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு யாவும் அரசுடைமை. மாலையில் ஒப்படைத்து, காலையில் வரிசையில் நின்று ஏதாவதொன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கம்மாவின் கைக்கு வளைந்து தேய்ந்திருந்த கரண்டி தெற்குப் பகுதியில் யார் கைக்கோ போயிற்று. அவளுக்குக் கிடைத்ததில் பிடி ஆடியது. பிடியில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தாள். நாட்டில் பூசிய சுவர்களெல்லாம் அந்த மாதம் முதல் மேடும் பள்ளமுமாக வரத் தொடங்கின.

மூன்றாம் ஆணை கருணையில் விளைந்தது. வேலை தெரியாதவர்கள் மனம் நொந்து போகக்கூடும் அல்லவா. எனவே கட்டிய சுவர் இடிந்துவிழுந்தால், அதைக் கட்டியவருக்கு மூன்று மாத ஓய்வும் பயிற்சியும் உண்டு. அந்த வேலையை, சுவர் விழாமல் கட்டுகிறவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கோலழகரின் மைத்துனர் கட்டிய சுவர்கள் ஆண்டுக்கு நான்கு முறை இடிந்தன. அவர் ஓய்விலேயே இருந்தார். அங்கம்மாவின் பெயரில் ஒரே சமயத்தில் ஒன்பது வீடுகள் இருந்தன.

அவற்றில் ஒன்று வண்டிக்காரர் நல்லமுத்துவின் வீடு. முன்தளம் போட்டு, அது இறுகும்வரை தாங்க முட்டுக் கொடுத்திருந்தாள். பதினான்கு நாளாவது முட்டு நிற்க வேண்டும். ஐந்தாம் நாளே அதிகாரி ஒருவர் வந்தார்.

"முட்டுகள் அடுத்த வீட்டுக்குத் தேவைப்படுகின்றன. அகற்றுக" என்றார்.

"தளம் இன்னும் பிடிக்கலைங்க" என்றாள் அங்கம்மா. "இப்ப பிரிச்சா ஆளு மேல விழும்."

"கால அட்டவணையில் பிடித்துவிட்டதாக இருக்கிறதே."

"அட்டவணை மேல ஏறி நின்னு பாருங்க, தாங்குதான்னு."

அதிகாரி தம் ஆட்களை வைத்தே முட்டைப் பிரித்தார். மறுநாள் காலை நல்லமுத்து மாட்டுக்குத் தவிடு எடுக்க வெளியே வந்தபோது தளம் இறங்கியது. ஆள் பிழைத்தார். வலது கால் முழங்காலோடு போயிற்று.

அறிக்கை எழுதப்பட்டு மாசிலாமணியிடம் வந்தது. 'கொத்தனாரின் கவனக்குறைவு' என்று இருந்தது. கீழே மேஸ்திரியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். போடாவிட்டால் வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. அதிகாரி தூவலை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். மாசிலாமணி அதை இருமுறை படித்தார். பிறகு போட்டார்.

அங்கம்மா அன்று மாலை கருவிகளை ஒப்படைத்தாள். மறுநாள் காலை வரிசையில் அவள் இல்லை.

அதன்பின் மாசிலாமணிக்கு நல்லமுத்துவின் தெரு வழியே போக முடியவில்லை. சுற்றிப் போனார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தத் தூவல் நினைவுக்கு வரும். மனைவி என்னவென்று கேட்டால் உப்பு அதிகம் என்பார்.

நாட்டில் இப்போது ஒழுகாத வீடு அரிதாகிவிட்டது. குழு நான்காம் ஆணையைப் பிறப்பித்தது. 'போய்விட்டார்கள்' என்ற சொல்லை இனி எவரும் பயன்படுத்தலாகாது. அக்கரையில் இருப்போர், மதிலங்கரையின் பணியாளர்களாய் அயலில் பணிபுரிவோர். இப்படிக் கணக்கிட்டபோது பணியாளர் எண்ணிக்கை குறையவே இல்லை என்பது தெரியவந்தது. அதைக் கொண்டாட ஒரு விழா நடந்தது. அரியணை மண்டபத்தில் நடந்த அந்த விழாவில் மன்னரின் தலைக்கு நேர்மேலே கூரை ஒழுகியது.

அப்போதுதான் மாசிலாமணியைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"அயலில் பணிபுரியும் பூச்சுப் பேரொளியை அழைத்து வருக" என்றார் செங்கோலழகர். "நாற்பதடி உயரத்தில் அவருக்குச் சிலை வைக்க மன்னர் திருவுளம் கொண்டுள்ளார் என்பதையும் தெரிவிக்க."

மாசிலாமணி பரிசலேறினார். அக்கரையில் ஒரு சத்திரத்தின் மாடியில் அங்கம்மா கம்பி கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சத்திரத்துக்காரர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிக்கட்டு எந்தப் பக்கம் வரலாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்ன இடத்தில் கரிக்கட்டையால் கோடு போட்டார்.

அங்கம்மா இறங்கி வந்தாள். "வாங்க மேஸ்திரி. நல்லமுத்தண்ணன் எப்படி இருக்காரு?"

"கட்டை ஊனி நடக்கறாரு." மாசிலாமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. சிலை வைக்கிறாங்களாம்."

"எதுக்கு?"

"தெரியல." தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "அங்கம்மா, அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது."

அவள் கையிலிருந்த சிமெண்டைத் தேய்த்து உதிர்த்தாள். "ஆமா, கூடாது" என்றாள். "மத்ததெல்லாம் பொறுத்துக்கிட்டேன் மேஸ்திரி. பட்டம், கரண்டி, ஒம்போது வீடு எல்லாம். என் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச ஒரு ஆளு இருக்காருன்னுதான் அத்தனை நாள் இருந்தேன்."

மாசிலாமணி, "நல்ல வேலைக்காரி நீ. அதைச் சொன்னதே இல்ல" என்றார்.

"இப்பச் சொல்லிட்டீங்க. சாப்பிட்டீங்களா?"

மாசிலாமணி திரும்பிப் போகவில்லை. மனைவியையும் வரவழைத்துக்கொண்டார். மதிலங்கரைக் கணக்கில் அயலில் பணிபுரிவோரில் ஒருவர் கூடினார்.

மூன்று மாதத்தில் மதிலங்கரையில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் ஆள்விட்டுச் சொன்னார்கள்: "எல்லாரும் ஒருநாள் வந்து கல்லைப் போட்டுட்டுப் போங்க. நெருக்கமா இருக்கும்போல இருக்கு." அக்கரையில் எல்லோரும் போவதாகத்தான் இருந்தார்கள். எட்டியப்பன் பரிசல்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தார். ஆனால் மழையால் தள்ளித் தள்ளிப் போன சத்திரத்துத் தளம் போடும் வேலை, கடைசியில் தேர்தல் நாளில் வந்து நின்றது. தளம் போடத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்திய இடத்தில் காலத்துக்கும் ஒழுகும்.

"சத்திரத்துக்காரர்கிட்ட ஒருநாள் தள்ளிக் கேக்கலாமா?" என்றார் மாசிலாமணி.

"கேட்டா ஒத்துக்குவாரு" என்றாள் அங்கம்மா. வானத்தைப் பார்த்தாள். வெயில் நன்றாக இருந்தது. "நம்ம அம்பது பேரு போயா அங்க மாறப்போகுது? போட்டு முடிச்சிரலாம்."

முடித்தார்கள். நல்ல தளம். ஓரிடத்திலும் நீர் தேங்கவில்லை.

மூன்றாம் நாள், தளம் இறுகுவதற்காக அதன் மேல் பாத்தி கட்டி நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது பரிசல்காரர் செய்தி கொண்டுவந்தார். முடிகாத்தாரே மீண்டும் மன்னர். நாற்பத்தொரு கல் வித்தியாசம். வெற்றி உரையில் மன்னர், "குறை இருந்தால் வந்து சொல்லியிருப்பார்கள். அயலில் பணிபுரிவோரில் ஒருவர்கூட வரவில்லை" என்று கூறினாராம். திடலில் நீண்ட நேரம் கைதட்டல் எழுந்ததாம். நல்லமுத்து மட்டும் கட்டையை ஊன்றிக்கொண்டு, மூன்று தெரு நடந்து வந்து, வாய் குறுகிய பானையில் போட்டுவிட்டுப் போனாராம்.

அங்கம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குத் தளத்து மேல நாம எத்தனை பேர் இருந்தோம் மேஸ்திரி?"

மாசிலாமணி ஆள் கணக்கை விடாதவர். ஐம்பத்திரண்டு.

"எண்ணலைம்மா" என்றார்.